தை மாதத்து ஏரி

'ஏரியைப் பார்த்த வீடு' என்று இப்போதெல்லாம் விளம்பரம் செய்கிறார்கள். நல்ல சொற்றொடர்தான். ஆனால் பாதி விஷயம் அதில் விட்டுப்போயிருக்கிறது. வருஷத்தில் பத்து மாதம் வீடு ஏரியைப் பார்க்கிறது. மற்ற இரண்டு மாதம் ஏரி வீட்டைப் பார்க்க வருகிறது. வருகிற விருந்தாளி வாசலோடு நிற்பதில்லை. கூடத்துக்கு வந்து, சமையலறைக்குள் நுழைந்து, ஃபிரிட்ஜைக் கவிழ்த்து, பீரோவின் அடித்தட்டில் இருக்கும் பட்டுப் புடவைகளையும் பையனுடைய சர்டிபிகேட்டுகளையும் நனைத்துவிட்டுத்தான் திரும்புகிறார்.

இந்த வீடுகளை வாங்குகிறவர்கள் கோடீசுவரர்கள் அல்லர். கோடீசுவரர்களுக்கு மேடான இடம் எது என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். பிராவிடண்டு பண்டில் கை வைத்து, மனைவியின் நகையைப் பாங்கியில் வைத்து, இருபது வருஷக் கடன் பத்திரத்தில் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறார்கள். அப்படி வாங்கப் போகிறவர்களில் சிலர் என்னிடமும் வந்து கேட்கிறார்கள்: "ஏரிப் பக்கத்தில் வீடு வாங்க எந்தப் பருவம் நல்லது?" நாவல் எழுதுகிறவனிடம் இதை ஏன் கேட்க வேண்டும் என்றால், நான் ஏரிக்கரைக் கிராமத்தில் பிறந்தவன் என்பது அவர்களுக்குத் தெரியும். கேள்வியும் நியாயமான கேள்விதான். அதற்கு ஊரில் நடமாடுகிற பதில்கள்தாம் அநியாயமானவை.

பஞ்சாங்கக்காரரின் பதில் எல்லாருக்கும் தெரியும். ஆடியில் வேண்டாம், மார்கழியில் கூடாது, தை பிறக்கட்டும். பஞ்சாங்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. (முகூர்த்த நாளென்றால் பத்திரப் பதிவு அலுவலகத்திலேயே கூடுதல் டோக்கன் கொடுக்கிற ஊரில் என் சண்டை எடுபடவும் போவதில்லை.) பணத்தை நல்ல நாளிலேயே கொடுங்கள். நிலத்தைப் போய்ப் பார்ப்பதற்கும் அதே நல்ல நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் எனக்குப் புரியவில்லை. பெண் பார்க்கப் போகிற அன்றைக்குப் பெண் வீட்டில் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

புரோக்கரும் தை என்றுதான் சொல்லுகிறார். காரணம் மட்டும் வேறு. "தை, மாசியில வாங்க ஸார். ஏரி கண்ணாடி மாதிரி நிக்கும்." அவர் சொல்லுவது சத்தியம். தை மாதத்து ஏரியைப்போல அழகான பொருள் இந்தச் சீமையில் வேறு கிடையாது. மழை ஓய்ந்து, கலங்கல் தெளிந்து, ஆகாயம் கழுவி விட்டாற்போல் இருக்கும். நாரை வந்திருக்கும், கூழைக்கடா வந்திருக்கும். பள்ளிக்கரணைச் சதுப்பில் பூநாரைகூட வந்து நிற்கும். சாயங்காலக் காற்றில் தலைமைக் குமாஸ்தாவும் கவியாகிவிடுவார். கவியாகிவிட்ட மனிதன் கையெழுத்துப் போடுவதற்கு வெகு நேரம் ஆவதில்லை.

தையில் இன்னொரு சௌகரியமும் உண்டு. பொங்கலுக்கு வெள்ளையடிப்பது நம்முடைய வழக்கம். அந்த மாதத்தில் ஒரு வீட்டுச் சுவர் புதிதாகப் பளபளப்பதைப் பார்த்து யாரும் சந்தேகப்படுவதில்லை. கார்த்திகையில் தண்ணீர் நின்ற கோடு எந்த உயரத்தில் இருந்தது என்பது அந்தச் சுண்ணாம்புக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

2020-ஆம் வருஷம் மாசி மாதத்தில் நண்பர் ஒருவருடன் நானும் அப்படி ஒரு வீடு பார்க்கப் போனேன். தென்சென்னைக்கு அப்பால் ஓர் ஏரி, பெயர் வேண்டாம். வீடு நன்றாகத்தான் இருந்தது. மின்சார மீட்டர்ப் பெட்டி மட்டும் என் மார்புக்கும் மேலே, எட்டிப் பார்க்கிற உயரத்தில் மாட்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "குழந்தைங்க கை படக்கூடாது பாருங்க" என்றார் விற்பவர். தெரு வீட்டுத் தரையைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. "புது ரோடு ஸார்" என்றார். கொல்லைப்புறத்துக் குளியலறையின் வெளிச்சுவரில் வெள்ளை படவில்லை. அங்கே இடுப்பளவில், அடிக்குச்சி வைத்து இழுத்தாற்போல ஒரு பழுப்புக் கோடு ஓடியது. நண்பரும் அதைப் பார்த்தார். நான் அவருக்குச் சுட்டியும் காட்டினேன். அவர் மனைவி அப்போது ஊஞ்சலை எந்த ஜன்னலோரம் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய கல்யாண வாழ்க்கையில் அந்த அம்மாள் தனக்கென்று கேட்ட முதல் பொருள் அந்த ஊஞ்சல். நண்பர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

2021 நவம்பரில் தண்ணீர் வாசற்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, குடும்பமே இரண்டு இரவு மொட்டைமாடியில் இருந்தது. மூன்றாம் நாள் மீனவர்கள் படகு கொண்டுவந்து அவருடைய தாயாரைத் தூக்கி வைத்து அழைத்துப் போனார்கள். எண்பது வயதுக் கிழவி. அதுவரை படகில் ஏறியதே இல்லையாம்.

இதில் ஏரியின்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. குற்றம் அந்தச் சொல்லை நாம் புரிந்துகொண்டிருக்கிற விதத்தில் இருக்கிறது. மேல்நாட்டுக் கதைகளில் வருகிற ஏரி பெரும்பாலும் ஆழமான பாறைக் கிண்ணம். தண்ணீர் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அதன் ஓரம் அதிகம் நகர்வதில்லை. அங்கே ஓரத்தில் வீடு கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நம்முடைய ஏரி கிண்ணமே அல்ல. சாய்த்து வைத்த தாம்பாளம். ஒரு பக்கத்தில் மட்டும் மனிதன் போட்ட மண்கரை. அந்தக் கரையில் பாசனத்துக்கு மதகு, மிகுந்த நீர் வழிந்துபோகக் கலிங்கு. மறுபக்கத்துக்கு விளிம்பு என்பதே கிடையாது. தரை மெள்ள மெள்ள உயர்ந்துகொண்டு போகிறது; தண்ணீர் அந்த வருஷத்து மழைக்குத் தக்கபடி அதன்மேல் ஏறி நிற்கிறது. கரையோரத்தில் ஓர் அடி நீர் உயர்ந்தால் அது ஓர் அடிதான். மறுபக்கத்தில் அதே ஓர் அடி பல நூறு அடி தூரம் நடந்து போய்விடும்.

அந்த மறுபக்கத்துக்கு நம் கிராமத்துக் கணக்கில் 'உள்வாய்' என்று பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்! விளம்பரத்தில் 'ஏரி முகப்பு' என்று வருவது பெரும்பாலும் இந்த உள்வாய்தான். முகம் என்று நினைத்துக்கொண்டு வாய்க்குள் போய் உட்காருகிறோம்.

"பத்திரமெல்லாம் சுத்தம் ஸார், வக்கீல் பார்த்தாச்சு" என்பார்கள். சுத்தமாகவே இருக்கலாம். உள்வாயில் புறம்போக்கு மட்டும் இல்லை. பட்டா நிலமும் உண்டு. ஏரி நிரம்பாத காலத்தில் பயிர் செய்துகொள்ளவும், நிரம்புகிற காலத்தில் தண்ணீருக்கு விட்டுக்கொடுக்கவும் சம்மதித்துப் பரம்பரையாக வைத்திருந்த நிலம் அது. வேர்க்கடலைக்கு அந்த ஏற்பாடு சரி. மூன்று படுக்கையறை வீட்டுக்குச் சரியல்ல. வில்லங்கச் சான்றிதழில் அடமானம் தெரியும், வெள்ளம் தெரியாது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-இல் தமிழ்நாட்டில் ஒரு தனிச் சட்டமே செய்திருக்கிறார்கள். அது புறம்போக்கில் புகுந்தவனைத்தான் கேட்கும். பட்டா உள்ளவன் வீட்டில் புகுந்த தண்ணீரிடம் எந்தச் சட்டத்தைக் காட்டுவது?

அப்படியானால் கரைக்கு வெளிப்புறம் வாங்கலாமா என்றால், அது ஆயக்கட்டு. அங்கே வீட்டுத் தரை ஏரித் தண்ணீருக்குக் கீழே இருக்கும். மதகு வாய்க்கால்தான் உங்கள் தெருவாக மாறியிருக்கும். அந்தக் காலத்து ஜனங்கள் உள்வாயிலும் குடியிருக்கவில்லை, வயலிலும் குடியிருக்கவில்லை. மேடாக ஓர் இடம் பார்த்து, அதற்கு நத்தம் என்று பெயர் வைத்து, அதில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அறியாத ஜனங்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

ஏரிக்கரை என்றாலே ஜனங்கள் மயங்குவதற்குக் கதை எழுதுகிறவர்கள்தாம் காரணம் என்று ஒரு புகார் உண்டு. இதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கல்கி அவர்கள் 'பொன்னியின் செல்வ'னை ஆரம்பித்தது ஏரிக்கரையில்தான். ஆடிப் பதினெட்டில், வீரநாராயண ஏரியின்மேல். ஆனால் வந்தியத்தேவன் கரைமேல் குதிரையில் போனானே தவிர உள்வாயில் மனை பார்க்கவில்லை. கரைமேல் நின்று ரசிப்பதைத்தான் கதாசிரியர்கள் கற்றுக்கொடுத்தார்கள். பிளாட் போடக் கற்றுக்கொடுத்தவர்கள் வேறு யாரோ.

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, "தியாகராய நகரே ஏரியாக இருந்த இடம்தானே? அங்கே ஜனங்கள் வாழவில்லையா?" என்று கேட்பார். கேட்கட்டும். 1920-களில் மாம்பலத்து நெடுங்குளத்தை வடித்துத்தான் தியாகராய நகரை வகுத்தார்கள். நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' இருக்கிறது, மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது, லேக்கைத்தான் காணோம். அங்கே நீரை வாங்கிக்கொள்ள அக்காலத்தில் சுற்றிலும் வேறு ஏரிகள் உயிரோடு இருந்தன. ஓர் ஏரியை மூடினால் மற்ற ஏரிகள் தாங்கும். எல்லா ஏரியையும் மூடினால்? 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்களில் முழங்கால் தண்ணீர் நின்றதே, நினைவிருக்கிறதா? நூறு வருஷம் ஆகியும் தண்ணீர் பழைய விலாசத்தை மறக்கவில்லை. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்றெல்லாம் புறநகரில் பெயர்கள் இருக்கின்றன. தாங்கல் என்றால் தண்ணீரைத் தாங்கி நிற்கிற சிற்றேரி. ஊர்ப் பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறதைப் படிக்காமல் விளம்பரப் பலகையைப் படிக்கிறோம்.

மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது. என் கோபமெல்லாம் அதன்மேல்தான். இதைச் சொல்லுகிறவர்கள் கெட்டிக்காரர்கள். "மழைக்காலத்தில்தான் வாங்க வேண்டும் ஸார். கார்த்திகையில் விலை இறங்கும். விற்கிறவன் பயந்துபோயிருப்பான். அடிச்சுப் பேசி வாங்கு. தையில் ஏறிய விலைக்கு வித்துடு." இதைப் பொருளாதாரம் என்கிறார்கள். படித்தவர்கள் கூடுகிற இடத்தில், காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல் சொல்லுகிறார்கள்.

கார்த்திகையில் இறங்கிய விலைதானே அந்த வீட்டின் உண்மையான விலை? தையில் ஏறுகிற அதிகப்படிக்கு என்ன பெயர்? வாங்குகிறவனுக்குத் தெரியாமல் இருப்பதற்கான கூலி என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் கலந்த பாலை விற்கிற பால்காரனோடு தினம் காலையில் சண்டை போடுகிற நாம், தண்ணீர் புகுந்த வீட்டை விற்கிறவனைச் சாமர்த்தியசாலி என்கிறோம்.

என் நண்பருக்கும் இந்த யோசனையைச் சொல்லிவிட்டார்கள். 2024 பொங்கலுக்கு முந்தின வாரம் என்னிடம் வந்தார். "கடனில் இன்னும் பதினாறு வருஷம் பாக்கி இருக்கிறது. வெள்ளையடித்து விற்றுவிடு என்கிறார்கள். நீ என்ன சொல்லுகிறாய்?" என்று கேட்டார். கொல்லைச் சுவரையும் சேர்த்து அடிக்கச் சொல்லுகிறார்களாம். விற்காதே என்று அவருக்கு நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை? அவர் தவணையை நான் கட்டப் போகிறேனா? கோட்டின்மேல் சுண்ணாம்பு அடிக்காதே என்றுதான் சொன்னேன். கோட்டோடு விற்றால் பத்து லட்சம் குறையும் என்றார். குறையும்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பத்து லட்சத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவன் யார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊஞ்சலில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, "இன்னொருத்தி இங்கே ஊஞ்சல் போடணுமா?" என்று ஒரு கேள்வி கேட்டாள். வீடு இன்னும் விற்கவில்லை.

மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன்; கோடையும் இருக்கிறது. சென்னைக்கு வருஷத்தில் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை என்று கணக்கு. அதில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலுமாகக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மீதி மாதங்களுக்கு அந்த நீரைச் சேர்த்து வைக்கத்தான் ஏரியே தவிர, ஜன்னலுக்குச் சித்திரம் மாட்டுவதற்கு அல்ல. ஆகவே அது குறையும். குறைந்துதான் ஆக வேண்டும். சித்திரையில் போய்ப் பாருங்கள். பாளம் பாளமாக வெடித்த சேறு, ஆகாயத்தாமரை, நடுவே கிரிக்கெட் ஆடும் பையன்கள். சாக்கடை வந்து விழுகிற ஏரியாக இருந்தால் ஜன்னலைத் திறக்க முடியாது. பெங்களூரில் பெல்லந்தூர் ஏரி 2017 பிப்ரவரியில் தீப்பற்றியே எரிந்தது. அந்த ஏரியைப் பார்க்கிற மாடிகளுக்கு அதிக விலை கொடுத்தவர்கள் புகையையும் சேர்த்தல்லவா வாங்கிக்கொண்டார்கள்!

ஒரு வருஷத்து மாதங்களைப் பார்த்தாலும் போதாது. செம்பரம்பாக்கம் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 24 அடி ஆழம். 364 கோடி கன அடிக்கு மேல் கொள்ளளவு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, அந்த ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் அடையாற்றில் திறந்துவிட்டார்கள். அடையாற்றின் இரு பக்கமும் என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். நாலே வருஷம் கழித்து, 2019 ஜூனில், அதே ஏரி வறண்டு கிடந்தது. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். இன்னும் நாலு வருஷம், 2023, மறுபடியும் படகு. உங்கள் கடன் இருபது வருஷத்துக்கு. அதற்குள் ஏரி இந்த வேஷங்களையெல்லாம் எத்தனை தடவை கட்டும் என்று தவணைக் கணக்கு போடுகிறவர்கள் சேர்த்துப் போட்டுக்கொடுப்பதில்லை.

ஏரியோரம் குடியேறியவர்கள் பிறகு என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; ஏனென்றால் இது அவர்கள் வீட்டோடு முடிகிற விஷயம் அல்ல. முதல் வெள்ளம் வடிந்ததும் ஒரு சங்கம் சேர்க்கிறார்கள். சங்கம் ஒரு மகஜர் எழுதுகிறது: ஏரியில் இவ்வளவு நீர் நிறுத்தக் கூடாது, கலிங்கைத் தணிக்க வேண்டும், முன்கூட்டியே திறந்துவிட வேண்டும். பழைய காலத்திலும் இந்தச் சண்டை உண்டு. உள்வாயில் நிலம் வைத்திருந்தவன் நீர்மட்டம் தணியட்டும் என்பான். ஆயக்கட்டுக்காரன் கலிங்குக் கற்களுக்கிடையே மண்ணையும் புல்லையும் அடைத்து ஒரு சாண் உயர்த்தப் பார்ப்பான். இருவரும் கைகலந்து, கச்சேரிக்கும் போய், ஏரி நடுவில் தப்பித்துக்கொண்டிருந்தது. இப்போது ஆயக்கட்டும் பிளாட்டாகிவிட்டது. நீர் வேண்டும் என்று சொல்ல அந்தப் பக்கம் ஆள் இல்லை. வேண்டாம் என்கிற சங்கம் மட்டும் இருக்கிறது. அதில் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் இருக்கிறார்கள், அழகாக மகஜர் எழுதுவார்கள். கலிங்கு தணிகிறது. ஏரியைப் பார்ப்பதற்காக அதிக விலை கொடுத்தவர்களே ஏரியைக் காலி செய்யச் சொல்லி வாங்கிவிடுகிறார்கள். பங்குனி முடிவதற்குள் கிணறு வற்றி, அதே தெருவில் தண்ணீர் லாரி வந்து நிற்கிறது.

அவர்களை நான் திட்டுவதாக நினைக்க வேண்டாம். வெள்ளத்தில் நின்றவன் வேறு என்ன மகஜர் எழுதுவான்? மகஜர் எழுதுகிற நிலைமைக்கு அவன் வருவதற்கு முன்னால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், யாராவது அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எந்தப் பருவத்தில் வாங்குவது என்று கேட்டவர்களுக்கு: வாங்குவதை எப்போது வேண்டுமானாலும் வாங்குங்கள். பார்ப்பதைக் கார்த்திகையில் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் புரோக்கர் காரில் போகாதீர்கள். மூன்று நாள் விடாமல் மழை பெய்த பிறகு, சாயங்காலம், பஸ்ஸில் போய் இறங்குங்கள். மனைவியையும் அழைத்துப் போங்கள்; ஊஞ்சல் போடுகிறவர்களும் அதைப் பார்க்க வேண்டும். பத்திரத்தைக் கேட்பதற்கு முன் சர்வே நம்பரைக் கேட்டு வாங்கி, கிராமத்துப் பழைய கணக்கில் அது என்ன பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஏரி, தாங்கல், வாய்க்கால், கழுவெளி என்று எதுவாவது இருந்தால் அதோடு திரும்பிவிடலாம். ஒன்றும் இல்லாவிட்டால் அந்த ஊரில் நீர்க்கட்டியாக இருந்தவர் குடும்பம் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். மதகைத் திறந்து அடைக்கிற வேலை பார்த்தவர்கள் அவர்கள். தண்ணீர் எந்த வருஷம் எதுவரைக்கும் வந்தது என்று விரலால் காட்டுவார்கள். அந்தக் குடும்பம் இல்லாவிட்டால் மாடு மேய்த்த கிழவர் யாராவது இருப்பார். டீக்கடையில் கேட்டாலும் சொல்லுவார்கள். வீடு வாங்க வந்திருக்கிறோம் என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள்.

பிறகு அந்தத் தெருவுக்குள் நடந்து போங்கள். வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருக்கிறதா, கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின்மேல் நிறுத்தியிருக்கிறார்களா, மீட்டர்ப் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, எந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கவில்லை என்று பாருங்கள். குடை எடுத்துப் போங்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.